ரெண்டு வாட்டி கூப்பிட்டது

குக்கர்ல வெயிட்டப் போட்டுட்டு ஆவுடையம்மா கடிகாரத்தப் பாத்தா, பதினொண்ணே கால். சுரண்டையில இருந்து நாத்தனா உலகு பன்னெண்டு மணிக்கெல்லாம் வந்துருவா. இன்னும் முக்கா மணி நேரம். ஒரு பொம்பளையால அடுப்படி முக்காலியில முக்கா மணி நேரம் உக்காந்த இடத்துல உக்காந்திருக்க முடியாதா என்ன. ரேஷன் கடையில நிக்கலியா, ஆஸ்பத்திரியில டோக்கன வாங்கிட்டு அரை நாள் கெடக்கலியா. அந்த டாக்டரு சின்ன வயசு, மீசை கூடச் சரியா வரல, ஆனா சொன்னது தெளிவாத்தான் சொன்னாரு. கூப்பிடுற சத்தம் கேட்டா பதில் சொல்லாதீங்கம்மா, எந்திரிச்சுப் போகாதீங்க, ரெண்டு கையையும் கோத்துக்கிட்டு ஒண்ணுல இருந்து நூறு வரைக்கும் எண்ணுங்க, சத்தம் தானா அடங்கிரும். பக்கத்துல உக்காந்திருந்த உலகு அதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுட்டு, வெளிய வந்ததும் தன் பங்குக்கு அதவிடச் சுருக்கமாச் சொன்னா. "மதினி, இன்னொரு வாட்டி நீங்க எந்திரிச்சு ஓடுனியன்னு அப்பா போன்ல சொன்னாவன்னா, அப்பாவ நான் கூட்டிட்டுப் போயிருவேன். ஒங்கள இங்க தனியா விட முடியாது, சேத்துத்தான் ஆகணும்." சேத்துன்னா எங்க சேக்கன்னு சொல்லல. சொல்லவும் வேண்டாம். இவ வீட்டுக்காரருக்கும் அவரு தங்கச்சிக்கும் ஒரே வாய், அவரு கேலியா முடிப்பாரு, இவ முடிக்கவே மாட்டா. முந்தாநேத்து ஓடுனதுக்குத்தான் இன்னிக்கு வாரா. இன்னிக்கு ஒரு நாள் எந்திரிக்காம இருந்துட்டா போதும். மாமாகிட்ட, அவ அப்பாகிட்டத்தான், கேப்பா, அவரு, இல்ல தாயி, இன்னிக்கு ஓடலன்னு சொல்லுவாரு, காப்பிய குடிச்சுட்டு ரெண்டரை மணி பஸ்ஸுக்குப் போயிருவா. பருப்புக்கு மூணு விசில். மூணு விசிலுக்குள்ள ஒண்ணும் கேக்காம இருந்தா அதுவே பெரிய காரியம்.

ஏத்தா... ஆவுட...

வந்துட்டுது. முதல்ல ஒரு செருமல், தொண்டைக்குள்ள இல்ல, மூக்குக்கும் தொண்டைக்கும் நடுவுல எங்கேயோ, பழைய லாரிய ஸ்டார்ட் பண்ணுத மாதிரி, அப்புறம் அந்த ஏத்தா, நல்லா இழுத்து, கடைசியில ஆவுடன்னு முடிக்கையில பட்டுன்னு வெட்டி. மாமா அப்படித்தான் கூப்பிடுவாரு. அச்சு அசலா மாமா. அங்கதான் வில்லங்கமே. அச்சு அசலா மாமா மாதிரி கூப்பிட இந்த வீட்டுல ரெண்டு பேருக்குத் தெரியும், ஒருத்தரு மாமா, இன்னொருத்தரு நாப்பத்தெட்டு நாளைக்கு முன்னால செத்துப்போனாரு. ஆவுடையம்மா வீட்டுக்காரரு குற்றாலிங்கம், தென்காசி டிப்போவுல கண்டக்டரு, இருவத்தாறு வருஷம் டிக்கெட் கிழிச்சதுல இருவத்தாறு ஊர்க்காரன் குரல வீட்டுக்குக் கொண்டாந்தவரு. பாவூர்சத்திரத்துல ஏறுன காய்கறிக்காரி சில்லறைக்குச் சண்டை போட்டது, ஆலங்குளத்து வாத்தியாரு மூக்கால இடம் கேட்டது, எல்லாத்தையும் ராத்திரிச் சோத்தோட பெசஞ்சு வைப்பாரு. லீவு நாள்ல அதுதான் வேலை. வாசல்ல சிலிண்டர்ர்ர்னு சத்தம் கேட்டு இவ புக்கத் தூக்கிட்டு ஓடுனா, அங்க பல்லு வெளக்கிட்டு அவரு நிப்பாரு. ஏட்டி ஆவுட, அண்ணன் வந்திருக்கேன், தாப்பாளத் தொறன்னு அம்பாசமுத்திரத்துச் சத்தம் கேட்டு மாவுக் கையோட ஓடுனா, புறவாசத் தொட்டி மேல உக்காந்து காலாட்டிட்டு, "அண்ணன் வரல, மச்சான்தான் இருக்கேன்"னுவாரு. எல்லாத்துக்கும் மேல உசத்தி அவுக அப்பா குரல். அந்தச் செருமல மட்டும் மூணு வருஷம் பழகுனதாச் சொல்லுவாரு. அதுல மாமாவே ஏமாந்திருக்காரு, நான் எப்பம்ல கூப்பிட்டேன்னு தானே எந்திரிச்சு வந்து நின்னுருக்காரு.

ஒண்ணு. ரெண்டு. மூணு. கைய கோத்தாச்சு. நாலு. இவ கை சூடா இருக்கு, குக்கர் மூடியப் பிடிச்ச சூடு. அஞ்சு. ஓடி ஓடி அலுத்துப்போயித்தான் ஒரு நாள் சட்டம் போட்டா. எங்க அம்மை சொல்லுவா, பேய்க்கு ரெண்டு வாட்டிதான் கூப்பிட வாய் வருமாம், மூணாவது வராதாம், அதனால இனிமே நீங்களும் எனக்குப் பேய்தான், மூணாவது வாட்டி கூப்பிட்டாத்தான் வருவேன். அவரு அதக் கேட்டு ஒரு மாசம் சிரிச்சாரு. ஆனா சட்டத்த மதிச்சாரு. ரெண்டு வாட்டி எவன் குரல்லயாவது கூப்பிடுவாரு, நெசமா வேணும்னா மூணாவது தன் குரல்ல, ஏளா, வெளையாட்டில்ல வா, அப்படின்னு. பதினஞ்சு வருஷம் ஓடுன சட்டம். பஸ்ஸுல ரெண்டு சீட்டிக்கு வண்டி கெளம்பிரும், இந்த வீட்டுல மூணாவதுக்குத்தான் கெளம்பும். எத்தனை எண்ணுனேன். ஒன்பதா பத்தா. பத்துன்னே வச்சுக்குவோம். பத்து. அவரு போன அன்னிக்கும் இதே பருப்பு, இதே குக்கரு, ரெண்டு விசில் வந்து மூணாவதுக்கு நின்னுட்டிருந்தா. அப்பம் கேட்டுச்சு. ஏத்தா... ஆவுட... செருமல் கொஞ்சம் கூடுதலா இருந்துச்சு. சிரிப்பு வந்துச்சு இவளுக்கு, இன்னிக்கு நல்லாவே செய்யுதாருன்னு. இந்த வீட்டுல சத்தம் எங்கேருந்து வருதுன்னு சொல்ல முடியாது, ரயில் பெட்டி மாதிரி நீட்டு வீடு, முன்னறையில தும்முனா புறவாசல்ல கேக்கும், புறவாசல்ல வாளிய வச்சா முன்னறையில கேக்கும். ரெண்டாவதும் கேட்டுச்சு, கொஞ்சம் தேஞ்சு. மூணாவதுக்குக் காத்திருந்தா. மூணாவது விசில்தான் வந்துச்சு. அடுப்ப அணைச்சுட்டு, முந்தானையில கையத் தொடச்சுட்டு, சரி போயித் தொலையுதேன்னு புறவாசலுக்குப் போனா. குளிக்கிற ரூம் கதவு பாதி தொறந்து கெடந்துச்சு, உள்ள அவரு விழுந்து கெடந்தாரு. வலி வந்தா மகன் குரலு அப்பன் குரலாயிரும்னு யாரு கண்டா. மாரு வலிக்கையில வயசு கூடிரும்போல.

முதல் விசில். மனுஷியத் தூக்கிப் போட்டுட்டுது. இப்பம் எண்ணுனது எவ்வளவு, பத்தொன்பதா, இல்ல இந்த விசிலையும் சேத்து எண்ணிட்டேனா. ஒண்ணுல இருந்து திரும்ப ஆரம்பிச்சா டாக்டருக்குத் தெரியவா போகுது. ஒண்ணு. ஆஸ்பத்திரியில அந்தப் பெரிய டாக்டரு, அவரு கண்ணாடியத் தொடச்சுட்டே சொன்னாரு, ஒரு அஞ்சு நிமிஷம் முந்தித் தெரிஞ்சிருந்தா ஏதாச்சும் பண்ணிருக்கலாம்மா, அவரு கூப்பிடக்கூட இல்லியா. எல்லாரும் இவ மொகத்தப் பாத்தாங்க. அவரு கூட வண்டி ஓட்டுற டிரைவர் செல்லப்பா பாத்தாரு, உலகு பாத்தா, மாமா மட்டும் கீழ பாத்துட்டிருந்தாரு. இல்ல, சத்தமே கேக்கலன்னு இவ சொன்னா. வாயில தானா வந்துட்டுது. சத்தமே கேக்கல. பதினாறாம் நாள் வரைக்கும் வந்தவங்க எல்லாருகிட்டயும் அதையே சொன்னா, சொல்லச் சொல்ல வழவழன்னு ஆயிட்டுது, துவைக்கிற கல்லு மாதிரி. பதினேழாம் நாள் கூப்பிட ஆரம்பிச்சாரு. முதல் நாள் இவ நெசமாவே மாமாதான்னு நினைச்சு விழுந்தடிச்சு ஓடுனா. "கூப்பிட்டியளா மாமா?" கட்டில்ல உக்காந்திருந்த மனுஷன் பேப்பர எறக்கி, "நான் எங்கத்தா கூப்பிட்டேன்"ன்னாரு. மறுநாளும் ஓடுனா. "நான் கூப்பிடலையே தாயி." நாலாம் நாளு இவளுக்குப் புரிஞ்சு போச்சு. புரிஞ்சதும் பயம் வரல, அதுதான் பயம். குளுகுளுன்னு இருந்துச்சு. அட, இங்கதான் இருக்காரு, புத்தி மாறல, செத்தும் அவுக அப்பாவத்தான் கேலி பண்ணுதாரு. ரெண்டு வாட்டி கூப்பிடுதாரு, மூணாவதுக்கு வாய் வரல, அம்மை சொன்னபடிதான். புறவாசல்ல போயி நின்னு மெதுவாச் சொன்னா, மூணாவது ஒண்ணே ஒண்ணு கூப்பிட்டுருங்க, இந்தவாட்டி ஓடி வந்துருதேன். அதத்தான் உலகு கேட்டுட்டா, கையில பூவோட பின்னால நின்னுட்டு.

இருவத்திரெண்டு. நடுவுல ஏதோ விட்டுப்போச்சு, போகட்டும். ரெண்டாவது இன்னும் வரல. எப்பவும் முதலாவதுக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கும், அவருக்கு எங்க நிறுத்தணும்னு தெரியும், கூட்டத்துல சிரிப்பு வரதுக்கு எவ்வளவு நேரம் விடணும்னு அளந்து வச்சிருந்தவரு. முப்பது. சரி, ஒரு பேச்சுக்கு, இது அவரு இல்லன்னு வைப்போம். மாமாதான்னு வைப்போம். மாமாவுக்குச் சுகரு, காலையில ரெண்டு இட்லிதான் தின்னாரு, முந்தின வாரம் பாத்ரூம் போறப்ப சொவத்தப் பிடிச்சுட்டு நின்னாரு. இப்பம் கட்டிலுக்குக் கீழ விழுந்து கெடந்தா. செருமல் வேற கூடுதலா இருந்துச்சோ இன்னிக்கு. இருந்துச்சோ. கூடுதலாத்தான் இருந்துச்சு. இல்ல, கூடுதலா இருந்துச்சுன்னு நினைக்கிறது அன்னிக்கு உள்ளது, இன்னிக்கு உள்ளது இல்ல. ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணா ஒட்டிக்கிட்டுது, பிரிச்சா கிழியும். எந்திரிச்சுப் போனா, நான் கூப்பிடலையேம்பாரு, பன்னெண்டு மணிக்கு உலகுகிட்டச் சொல்லுவாரு, கதை முடிஞ்சுது. எந்திரிக்காம இருந்து அவரு அங்க வாயில நுரை தள்ளிக் கெடந்தா, அப்பமும் டாக்டரு கேப்பாரு, கூப்பிடக்கூட இல்லியா. அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே அடுப்படி, ஒரே பருப்பு, ஒரே மூதேவி. முப்பத்தஞ்சு. நாப்பத்தெட்டு. அது நாளுல்லா, எண்ணிக்கை இல்ல.

ரெண்டாவது விசில். அது அடங்குனதும் வீடு காதப் பொத்துன மாதிரி ஆச்சு. முன்னறையில ஃபேன் சத்தம் கேக்குது. பேப்பர் பொரட்டுற சத்தம் இல்ல. இந்நேரத்துக்குப் பேப்பரப் பொரட்டுவாரே. இருமுவாரே. ஒண்ணும் இல்ல. ஆவுடையம்மா கோத்த கையப் பிரிச்சா. ஒரு யோசனை வந்துச்சு, கள்ளத்தனமான யோசனை, அது அவரு சொல்லிக் குடுத்ததா இவளுக்கே தோணுனதான்னு தெரியல. வாரேன் மாமான்னு சத்தம் குடுத்துட்டு ஓடுனாத்தான் ஓடுனது. சத்தமே இல்லாம போயி, எட்டிப் பாத்துட்டு, சத்தமே இல்லாம திரும்பி வந்து முக்காலியில உக்காந்துட்டா, அது ஓடுனதா. மாமாவுக்குத் தெரியாது, உலகுக்குத் தெரியாது, டாக்டருக்கு என்னத்தத் தெரியும். வீட்டுக்குள்ள போடுற ரப்பர் செருப்ப அடுப்படியிலயே கழட்டிப் போட்டா. சேலையத் தூக்கி இடுப்புல சொருகிக்கிட்டா. சொவத்தோட சொவரா, நடுக்கூடத்துப் பட்டாசல்ல அவரு போட்டோ பக்கம் தலையத் திருப்பாம, மாலை காஞ்சு உதுந்திருக்கு, கூட்டணும், அப்புறம் கூட்டிக்கலாம், பெஞ்சுல இடிச்சுக்கிடாம, பூனை கணக்கா நடந்தா. விழுந்துதான் கெடக்காரு. கெடக்காரு. நான் இந்த நடைய அன்னிக்கு நடந்திருக்கணும். முன்னறைக் கதவு ஒருச்சாஞ்சு கெடந்துச்சு. கதவு இடுக்குல ஒரு கண்ண மட்டும் வச்சா.

விழல. கட்டில்ல அவளுக்கு முதுகக் காட்டி, ஒரு பக்கமாச் சாஞ்சு உக்காந்திருந்தாரு. நல்லா உக்காந்திருந்தாரு. அப்பாடான்னு மூச்சு வரப்போன நேரம் அந்த முதுகு ஒரு வாட்டி நிமுந்துச்சு, தோள் ரெண்டும் மேல ஏறுச்சு, கழுத்து நரம்பு எந்திரிச்சுது, லாரி ஸ்டார்ட் ஆச்சு, ஏத்தா... ஆவுட... இவ கண்ணு முன்னாலயே. வாய் தொறந்தது தெரிஞ்சுது. தாடை ஆடுனது தெரிஞ்சுது. பட்டுன்னு வெட்டுனதும் அந்த மனுஷன் உள்ளங்கையில இருந்தத மூக்குக்கிட்டக் கொண்டுபோயி உத்து உத்துப் பாத்தாரு. வாட்ச்சு. மகன் வாட்ச்சு. ஆஸ்பத்திரியில கழட்டி பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் குடுத்தது. முள்ளப் பாத்துட்டே உதட்ட அசச்சு எண்ணுதாரு, இவ எண்ணுன மாதிரியே, இவளாவது நடுவுல விட்டா, அவரு விடாம எண்ணுதாரு. ஃபேன் சுத்துது. ஆவுடையம்மா அசையல. மூச்சக் கூட விடல. இது நெசமான்னு பாக்கக் கதவோட ஆணியில விரல அழுத்துனா, வலிச்சுது. எவ்வளவு நேரமோ. அவரு எண்ணுறது நின்னுபோச்சு. வாட்ச்ச மடியில எறக்கி வச்சாரு. தனக்குத்தானே, ரொம்ப மெதுவா, "வரல. அவனுக்கும் ரெண்டு வாட்டிதான். யாரும் வரல"ன்னாரு.

அவனுக்கும் ரெண்டு வாட்டிதான். இந்த உலகத்துல அது ஒருத்திக்குத்தான் தெரியும்னு ஆவுடையம்மா நாப்பத்தெட்டு நாளா நெஞ்சுக்குள்ள பொதச்சு வச்சிருந்தா. கதவு தானா நகந்துச்சோ இவ தள்ளுனாளோ, கிறீச்சுன்னுது. பெரியவரு திரும்பிப் பாத்தாரு. வாட்ச்ச வேட்டிக்குள்ள மறைக்கப் பாத்தாரு, மறைக்க முடியல. பழக்கத்துல, "நான் கூப்பிடலையே தாயி"ன்னாரு.

"பாத்தேன் மாமா."

அவரு வாட்ச்சத் திரும்ப மடியில எடுத்து வச்சாரு.

"ஒங்களுக்கும் கேட்டுச்சா, அன்னிக்கு?"

"கேட்டுச்சு." வாட்ச்சப் பாத்துட்டேதான் பேசுனாரு. "என்னய மாதிரியே செருமுனான். அப்பன இன்னுமா கேலி பண்ணுதான், பேரன் எடுக்கிற வயசாவுதேன்னு நினைச்சேன். கோவம் வந்துச்சு. பேப்பரப் பொரட்டிட்டேன். ரெண்டாவதும் கேட்டுச்சு. அதுக்கும் பொரட்டிட்டேன்."

"சரி. அதுக்கு, என்னய எதுக்குக் கூப்பிட்டுட்டு கூப்பிடலங்குதிய? முப்பது நாளா எனக்குக் கிறுக்குன்னு எல்லாரும் சொல்லுதாவ. மாத்திரை திங்கேன். நாக்கு மரத்துப் போச்சு."

"கூப்பிட்டேன்னு சொன்னா எதுக்குன்னு கேப்பியே." கிழவன் கண்ணு கலங்கல, காஞ்சு போயி இருந்துச்சு. "என்ன சொல்லட்டும். நீ எத்தனை செகண்டுல வாரன்னு பாக்கேன்னு சொல்லவா. அடுப்படியில இருந்து இங்க வர ஒனக்குப் பதினோரு செகண்டு. புறவாசலுக்கு அதுல பாதி கூட வேண்டாம். நான் கம்ப ஊனிட்டு இங்கேருந்து புறவாசலுக்குப் போயிப் பாத்தேன், நீ கடைக்குப் போயிருந்தப்பம். ஒரு நிமிஷம் எட்டு செகண்டு. டாக்டரு அஞ்சு நிமிஷம்னாரு. எப்படிப் போட்டுப் பாத்தாலும் மிச்சம் இருக்கு தாயி. ஒவ்வொரு நாளும் போட்டுப் பாக்கேன். ஒரு நாளாவது நீ லேட்டா வந்தா, போயிருந்தாலும் நேரம் பத்தாதுன்னு கணக்கு வந்துராதான்னு பாக்கேன்."

இவளுக்குக் கோவம் வரணும். வரத்தான் செஞ்சுது, காலுக்குக் கீழ இருந்து ஏறி வந்துச்சு, வயித்துக்கிட்ட வந்ததும் என்னமோ வேற ஒண்ணு அதப் பிடிச்சு இழுத்துட்டுது. கிறுக்கு இல்ல. எனக்குக் கிறுக்கு இல்ல. காது சரியா இருக்கு, தலை சரியா இருக்கு, கேட்டது எல்லாம் கேட்டதுதான். பதினேழாம் நாளு கேட்டதும் மாமா, இருவதாம் நாளு கேட்டதும் மாமா, புறவாசல்ல நின்னு இவ கெஞ்சுனப்பம் அங்க வெறும் வாளியும் கல்லும் தொட்டியும்தான் இருந்திருக்கு. குளுகுளுன்னு இருந்துச்சே, அது எதுக்கு இருந்துச்சு. காலையில எந்திரிக்கையில இன்னிக்கு எப்பம் கூப்பிடுவாரோன்னு ஒரு நெனப்பு இருந்துச்சே, அந்த நெனப்புலதான பல்ல வெளக்குனா, கோலம் போட்டா, பருப்பப் போட்டா. அவரு இங்க இல்ல. கேலி பண்ணல. யாரையும் கேலி பண்ணல. தரையில உக்காந்துட்டா. கட்டில் கால்ல தலைய முட்டுக் குடுத்து உக்காந்துட்டா. பெரியவரு கை எங்க வைக்கன்னு தெரியாம அந்தரத்துல நின்னுட்டு, அப்புறம் தன் முட்டியிலயே எறங்கிட்டுது. அடுப்படியில குக்கரு மூணோ நாலோ அஞ்சோ கத்துச்சு. பருப்பு தீயுற வாடை வந்துச்சு. யாரும் எந்திரிக்கல.

வாசல்ல ஆட்டோ நிக்கிற சத்தம். உலகுதான். பையக் கீழ வைக்காமலே உள்ள வந்தா, மூக்க உறிஞ்சுனா, "என்ன தீயுது"ன்னு அடுப்படிக்கு ஓடி அணைச்சுட்டு வந்தா. கதவுகிட்ட நின்னு, தரையில கெடக்க மதினியப் பாத்தா, கட்டில்ல கெடக்க அப்பனப் பாத்தா.

"அப்பா, மதினி இன்னிக்கும் ஓடி வந்தாவளா?"

பெரியவரு வாயத் தொறந்தாரு. ஆவுடையம்மா அவரப் பாத்தா. அவரு மடியில வாட்ச்சு கெடந்துச்சு, மூடாம, மறைக்காம. "இல்ல, நான் ஒண்ணு சொல்லணும் ஒங்கிட்ட"ன்னு அவரு ஆரம்பிக்கவும், "அப்புறம் சொல்லலாம் மாமா"ன்னு இவ தடுத்துட்டா.

உலகு பக்கத்துல குத்த வச்சு உக்காந்தா. குரல நல்லா எறக்கி, டாக்டரு கேக்குற மாதிரியே கேட்டா. "மதினி, நெசத்தச் சொல்லுங்க. அண்ணன் கூப்பிட்டானா?"

"இல்ல," ஆவுடையம்மா சொன்னா. "அவரு கூப்பிடல உலகு."

சொன்னதுக்கு அப்புறந்தான் சொன்னது என்னன்னு காதுல விழுந்துச்சு. தூக்கிட்டுப் போன அன்னிக்கு அழாதவ, பதினாறுக்கு அழாதவ, மொகத்தக் கட்டில் சட்டத்துல பொதச்சுக்கிட்டா. சத்தம் வீடு நெடுகப் போயி புறவாசல்ல முட்டித் திரும்பி வந்துச்சு.

உலகுக்கு ஒண்ணும் ஓடல. முதுகத் தடவிக் குடுத்தா. "கூப்பிடலன்னா நல்லதுதான மதினி," அப்படின்னா, "அதுக்குப் போயி ஏன் அழுதிய."